மக்டலீன் என்று கூப்பிட்டபோது எழுந்தவள்

என் தங்கை செரீனா ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையைக் கடும் காய்ச்சலோடு எழுதித் தேறினாள். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். எங்கள் தீவில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் கிடைக்காத இரண்டு வருடமும் கைத்தொலைபேசியைப் பார்த்துத் தானாகப் படித்து, உயர்தரத்தில் அந்தப் பாடத்துக்கு ஏ எடுத்தாள். கனடா விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டு மூன்றாம் தரம் கிடைத்தது. கொலிஜ் தொடங்கி ஒன்பது நாள் கழித்து, 2024 ஜனவரி 17ஆம் திகதி, ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். அந்தத் தவணை மருந்துக் கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது அவள்தான். கார் லைசென்ஸும் மூன்றாம் முறைதான், பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில், எடுத்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவள் நான். அந்தக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைத்திருப்பது சான்றிதழ் அல்ல, ஒரு தாளின் போட்டோக் கொப்பி. அந்தத் தாளால் அவள் இந்த நாட்டில் இருக்கலாமா, போகவேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. குடிவரவுக் கடிதம் வந்த பிறகு இதை எழுதலாமே என்று என் கணவர் மாக்கஸ் சொன்னார். நல்ல கடிதம் வந்தால், நன்றாக முடிந்தபடியால் புகழ்கிறேன் என்பார்கள். கெட்ட கடிதம் வந்தால் எனக்கு எழுத மனம் வராது. அதனால் வருவதற்கு முன்னரே எழுதுகிறேன்.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு நிலவறையில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தோம். முதல் நான்கு மாதம் எங்கு தேடியும் வேலை கிடைக்கவில்லை. மே மாதத்திலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் வாரத்தில் இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற சட்டம் மறுபடி வந்தது. அவளுடைய படிப்புக்குக் கோடை விடுமுறையும் இல்லை. இருபது மணித்தியாலத்துக்கு மட்டும் ஆள் எடுக்க எந்தத் தொழிற்சாலையும் விரும்பவில்லை. அடுத்த தவணைக் கட்டணத்துக்கு எங்கள் வீட்டில் வழியில்லை.

றொய்சனை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். பிறம்ரனில் உள்ள தொழிற்சாலைகளுக்கு வான் வண்டியில் ஆள் ஏற்றிப் போகும் ஏஜென்சிக்காரன். நான் விசயத்தைச் சொன்னதும் தட்டை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் தொலைபேசியைத் தட்டினான்.

"பேர் ஒண்டு இருக்கு அக்கா. சின் நம்பரோட. ஆள் இப்ப வேலைக்கு வாறேல்லை, சும்மா கிடக்கு." சின் என்பது இங்கே வேலை செய்ய அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் இலக்கம்.

"ஆர் ஆள்?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு? தங்கச்சி நாலு நாள் வரட்டும், பத்து மணித்தியாலப்படி. கணக்கு அந்தப் பேரில, காசு கையில."

அந்த ஆளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

பெயர் மக்டலீன் இக்னேசியஸ். றொய்சன் அனுப்பிய படத்தில் அந்தப் பெண்ணின் பழைய கையெழுத்து இருந்தது. செரீனா அதைப் பார்த்துச் சமையலறை மேசையில் இருந்து எழுதிப் பழகினாள். ‘எம்’மின் கடைசிக் கால் கீழே நீண்டு இறங்கவேண்டும். அது சரியாக வரும்வரை பக்கத்தில் நின்று திருத்தியவள் நான். இரண்டு நாளில், பிளாஸ்ரிக் உறையிட்ட தொழிற்சாலை அட்டை ஒன்று வந்தது. படம் என் தங்கையுடையது, பெயர் மக்டலீன்.

மே 8, புதன்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு அவள் முதன்முதல் அந்த வானில் ஏறினாள். புதன், வெள்ளி, சனி, ஞாயிறு வேலை. மற்ற மூன்று நாள் கொலிஜ். வானில் பாதிப் பேர் அவளைப் போல மாணவர்கள். அந்தப் பாதிப் பேருக்கும் இரவல் பெயர். சுலக்சன் என்ற பொடியனிடம் அறுபத்தொரு வயது இராசரத்தினம் என்பவரின் அட்டை இருந்தது.

"என்ன இராசரத்தினம் ஐயா, பென்சன் வந்திட்டுதோ?" என்று பின்சீற்றிலிருந்து கேட்பார்களாம்.

"பென்சனை விடுங்கோடா, முழங்கால் நோ எனக்கு வந்திட்டுது," என்று அவன் நொண்டிக் காட்டுவானாம். பிறகு செரீனாவின் பக்கம் திரும்பி, "மக்டலீன் அன்ரிக்கு அம்பத்திரண்டு வயசாம். முகத்தைப் பார்த்தால் இருபத்தொண்டு. என்ன கிறீம் பூசுறியள் அன்ரி?" என்பானாம்.

முதல் மாதம் இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தொழிற்சாலையில் உறையவைத்த றோல்ஸும் சமோசாவும் பெட்டியில் அடைப்பது வேலை. காலையில் மேற்பார்வையாளர் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கையை உயர்த்தி "ஹியர்" என்று சொல்லவேண்டும். பிறகு அதே தாளில் கையெழுத்து வைத்துவிட்டுக் குளிருடுப்புப் போட்டு உள்ளே போகவேண்டும்.

ஜூன் மாதம் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பஞ்சாபி அம்மா ஒருவர், அவளுடைய அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முந்தியும் எங்களிடம் ஒரு மக்டலீன் இருந்தாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். நான்கு வருடம் அதே இடத்தில் நின்று வேலை செய்தவளாம். தேநீருக்குச் சீனி போடமாட்டாள். வேலை நேரம் முழுக்க வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பாள். இருமல் கூடி, ஒரு நாள் வராமல் விட்டவள் பிறகு வரவே இல்லையாம். செரீனாவுக்குக் கொடுத்த அலுமாரியும் அவளுடையதுதான். கதவின் உட்புறம் மடு மாதா படம் ஒன்று ஒட்டியபடி இருந்தது.

அதை எனக்குச் சொன்ன நாள் செரீனா சிரிக்கவில்லை.

"அக்கா, அவ எங்க இருக்கிறா எண்டு றொய்சன் அண்ணையைக் கேட்டனியளோ?"

"வேற வேலைக்குப் போயிருப்பா. நீ உன்ர படிப்பைப் பார்."

ஆவணி கழிந்து செப்ரெம்பர் வந்தது. அவள் தேநீருக்குச் சீனி போடுவதை விட்டிருந்ததை நான் கவனித்தேன். பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தாள். என்ன பாட்டு என்று கேட்டால், "நான் பாடேல்லையே" என்றாள். செரீனா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாம் தரம் கூப்பிடவேண்டும், சில நாள் மூன்றாம் தரமும். களைப்பு என்று நினைத்தேன். ஒக்ரோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். மூன்று தரம் கூப்பிட்டேன், அசையவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, "மக்டலீன்" என்றேன், மெதுவாகத்தான்.

உடனே திரும்பினாள். "என்ன அக்கா?" என்றாள். நான் எந்தப் பெயரில் கூப்பிட்டேன் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 2, சனிக்கிழமை, சகல ஆத்துமாக்களின் திருநாள். நாங்கள் வழமையாகப் போவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆங்கிலக் கோவிலுக்கு. ஆனால் ஆத்துமாக்களின் திருநாளுக்குத் தமிழ்ப் பூசைக்குத்தான் போவோம். அந்த வருடம் இறந்துபோன தமிழர்களின் பெயர்களைப் பீடத்தில் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்தக் குடும்பத்தவர் எழுந்து முன்னால் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றவேண்டும். எங்கள் அம்மா அந்த வருடம் தை மாதம், செரீனா இங்கே வந்து பன்னிரண்டாம் நாள், ஊரில் இறந்தவர். அவருடைய பெயரையும் கொடுத்திருந்தோம். அதற்காக செரீனா அன்று வேலைக்கு லீவு எடுத்திருந்தாள்.

கோவில் நிறைந்திருந்தது. அம்மாவின் பெயர் வந்தது. மாக்கஸும் நானும் போய்த் திரி ஏற்றிவிட்டு வந்தோம். செரீனா வரவில்லை, கையைக் கட்டியபடி தலை குனிந்து இருந்தாள். நான்கைந்து பெயர்கள் கழிந்தன. பிறகு சுவாமியார் வாசித்தார்.

"மக்டலீன் இக்னேசியஸ்."

என் தங்கை எழுந்து நின்றாள். வலது கையை உயர்த்தினாள். "ஹியர்" என்றாள்.

அவ்வளவு பெரிய கோவிலில் அந்தச் சொல் மேலே போய்த் திரும்பி வந்தது. சுவாமியார் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். முன் வரிசையில் எழுந்து நின்ற ஒரு வயதானவரும் அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையும் அப்படியே பின்னால் திரும்பினார்கள். அந்தப் பெண்பிள்ளையின் கையில் ஏற்றாத மெழுகுதிரி இருந்தது. நான் செரீனாவின் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன். அவள் உடம்பு விறைத்துப்போயிருந்தது. சுவாமியார் அடுத்த பெயரை வாசித்தார்.

பூசை முடியும்வரை நாங்கள் இருக்கவில்லை.

காருக்குள் இருந்தபடியே அவள் தொலைபேசியில் மரண அறிவித்தலைத் தேடி எடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். 'கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோ ரூஜை வதிவிடமாகவும் கொண்ட மக்டலீன் இக்னேசியஸ் அவர்கள் 21-08-2024 புதன்கிழமை இறைவனடி சேர்ந்தார்.' படத்தில் ஒல்லியான பெண் ஒருவர். மூக்குக்கண்ணாடி. சிரிக்கவில்லை.

"புதன்கிழமை," என்றாள் செரீனா. "அண்டைக்கு நான் வேலை."

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்து எண்ணினேன். அந்தப் பெண் இறந்த பிறகு அவருடைய பெயரில் என் தங்கை முப்பத்தொன்பது நாள் கையெழுத்து வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை வானில் ஏறியதும் றொய்சனிடம் கேட்டாளாம்.

"அண்ணை, அவ செத்துப்போனா."

"ஆர்?"

"மக்டலீன்."

"ஓ, அவவோ. பாவம், நல்ல வேலைக்காரி." அவன் வானை எடுத்தான். "அதுக்கு நீர் ஏன் அழுறீர்? உமக்கு மணித்தியாலம் குறைஞ்சதோ?"

"செத்த ஆளின்ர பேரில நான் கையெழுத்து வைக்கிறன் அண்ணை."

"உயிரோட இருந்த ஆளின்ர பேரில வைக்கேக்கை உமக்கு நித்திரை வந்ததுதானே? இப்ப மட்டும் என்ன? கொம்பியூட்டருக்குச் செத்ததும் தெரியாது, இருக்கிறதும் தெரியாது."

அன்று வானில் யாரும் பகிடி விடவில்லையாம். மேற்பார்வையாளர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். பஞ்சாபி அம்மா முழங்கையால் இடித்தபிறகு கையை மட்டும் உயர்த்தினாள். அலுமாரியைத் திறக்கவில்லை, கோட்டை வெளியே ஒரு கதிரையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வரிசையில் தன் இடத்தை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள். அந்த ஓர் அடி இடத்தில் யாரோ நிற்பதுபோலப் பெட்டிகளை வளைத்துத் தள்ளினாளாம். பின்னேரம் வந்து, இனிமேல் போகமாட்டேன் என்றாள்.

டிசெம்பர் வரை போ என்று சொன்னவள் நான். கட்டணம் கட்டும் நாள் டிசெம்பர் 16. "ஆறு கிழமைதானே," என்றேன். "அவவுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு போ." தெரிந்துகொண்டே இருபத்துமூன்று நாள் போனாள். டிசெம்பர் 13, வெள்ளிக்கிழமை நின்றாள். மொத்தம் நூற்றி இருபத்தொரு கையெழுத்து. இந்த நாட்டில் தான் செய்த ஒரு நாள் வேலைக்கேனும் அவள் தன் பெயரை எழுதியதில்லை.

வேலையை விட்டபிறகு அது எங்களை விட்டுப்போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நிலவறையிலிருந்து முணுமுணுப்புக் கேட்கும். இறங்கிப் போனால் அவள் வாய் மூடிப் படித்துக்கொண்டிருப்பாள்.

2025 மார்ச் 5, விபூதிப் புதன். தமிழ்ப் பூசைக்கு நான் தனியாகப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு பெண்பிள்ளை வழியை மறித்தாள். முன் வரிசையில் மெழுகுதிரியோடு நின்றவள்.

"அன்ரி, சொறி. ஐ ஆம் நடாஷா. என்ர அம்மான்ர பேர் வாசிக்கேக்கை உங்களோட வந்த அக்கா எழும்பினவ, ரைட்? 'ஹியர்' எண்டு சொன்னவ."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். வருட முடிவில் வேலைத்தலத்திலிருந்து சம்பள விபரத்தோடு வரும் ரீ-ஃபோர் துண்டு. "இது போன கிழமை வந்தது. அம்மான்ர பேரில. அம்மா லாஸ்ற் இயர் ஜனவரியில இருந்து கட்டில்ல. நடக்கவே ஏலாது. ஹவ் கேன் ஷீ வேர்க்? அப்பா சாப்பிடுறேல்லை அன்ரி. அந்த அக்காவுக்கு ஏதாவது தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். "அவள் வேற ஆரோ எண்டு நினைச்சு எழும்பினவள்."

நெற்றியில் சாம்பலோடு சொன்னேன். நடாஷா ஒரு துண்டில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி என் கையில் வைத்துவிட்டு, "தாங்க் யூ அன்ரி" என்று போனாள்.

ஏழு நாள் அந்தத் துண்டை என் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். எட்டாம் நாள் செரீனாவிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், நிலவறையில் அன்றும் அந்த முணுமுணுப்புக் கேட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவள் உடனே நடாஷாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மார்ச் 15, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு ரூஜில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். மக்டலீனின் கணவர் இக்னேசியஸ் அங்கிள் கதவைத் திறந்தார். வரவேற்பறையின் நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. கார்ப்பெற்றில் கட்டில் சில்லுகள் நின்ற நான்கு குழிகள் இன்னும் எழும்பாமல் இருந்தன. அவர் அந்த நான்கு குழிகளுக்கு நடுவில் கால் வைக்காமல் சுற்றிப் போய்க் கதிரையில் இருந்தார்.

செரீனா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். "அங்கிள், அன்ரியின்ர பேரில வேலை செய்தது நான்தான். போன மே மாதத்தில இருந்து டிசெம்பர் மட்டும். அவ ஆர், எங்க இருக்கிறா எண்டு எனக்குத் தெரியாது. நவம்பர் ரெண்டாந் திகதிதான் தெரியும். தெரிஞ்சாப் பிறகும் போனனான்."

அவர் கோபிப்பார், கத்துவார் என்று நான் கதவுப் பக்கம் பார்த்தபடி இருந்தேன். அவர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மக்டலீனுக்கு வருத்தக்காலத்தில் உதவித்தொகை கொடுத்த அரசாங்க அலுவலகத்தின் கடிதம், மூன்று நாளுக்கு முன்னர் வந்தது. கிழமை கிழமையாக மணித்தியாலங்கள் அச்சிடப்பட்டிருந்தன. வேலை செய்துகொண்டே உதவித்தொகை எடுத்தவர் என்று அதில் குற்றஞ்சாட்டியிருந்தார்கள்.

"உதில ஆவணி மாதத்தைப் பாரும் பிள்ளை. அவ செத்த கிழமையும் நாப்பது மணித்தியாலம் வேலை செய்தவவாம். அண்டைக்குக் காலமை பத்து இருபதுக்கு நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்." கடிதத்தை மடித்தார். "அந்தத் துண்டு வந்த அண்டைக்கு நான் என்ன செய்தனான் தெரியுமோ? அலுமாரியைத் திறந்து அவவின்ர வேலைச் சப்பாத்தை எடுத்து, அடியைத் தடவிப் பார்த்தனான். ஈரம் இருக்குதோ எண்டு."

நடாஷா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆஸ்பத்திரிக் கடிதங்களை அனுப்பினால் தீராதா என்று நான் கேட்டேன். அதையும் அங்கிள் அந்த அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டாராம். அப்படியென்றால் உங்கள் மனைவியின் இலக்கத்தை நீங்கள் யாருக்கோ காசுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்களாம். ஒன்றில் மக்டலீன் வருத்தம் என்று பொய் சொன்னவர். இல்லாவிட்டால் பெயரை விற்றவர். ஏப்ரல் 11க்குள் பதில் கொடுக்கவேண்டும்.

"அவ பஸ்ஸில ஒரு நாள் ரிக்கற் எடுக்க மறந்துபோய், அடுத்த நாள் ரெண்டாய்ப் போட்டவ," என்றார் அங்கிள். "நான் உம்மட்ட ஒண்டும் கேட்கேல்லை பிள்ளை. உமக்கும் படிப்பு இருக்கு. ஒண்டே ஒண்டு சொல்லும். அங்க அவவை ஆரும் ஞாபகம் வைச்சிருக்கினமோ?"

செரீனா அப்போதுதான் இருந்தாள். பஞ்சாபி அம்மா சொன்னவற்றைச் சொன்னாள். தேநீர், பாட்டு, மாதா படம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சண்டை பிடித்தோம்.

"றொய்சனைச் சொல்லச் சொல்லு. அவன்தானே குடுத்தவன்," என்றேன்.

"எடுத்துப் பார்த்தன். அந்த நம்பர் வேலை செய்யேல்லை. ஏஜென்சிப் பேரும் இப்ப வேறயாம்."

"அப்ப விடு. அவருக்குத் தண்டம் வரும், கட்டுவார். நாங்களும் கொஞ்சம் குடுப்பம். நீ வாயைத் திறந்தால் உன்னைப் பிளேனில ஏத்துவாங்கள். இன்னும் ரெண்டு தவணைதான் கிடக்கு, விசரி!"

"அந்தக் கடிதத்தில அவ கள்ளி எண்டு எழுதிக் கிடக்கு அக்கா."

"செத்த ஆள் கடிதம் வாசிக்கிறேல்லை."

"நடாஷா வாசிக்கிறாள்."

"உனக்காக நாங்கள் எவ்வளவு..." என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"அக்கா, நான் வேலைக்குப் போற நேரமெல்லாம் அவ அந்த நடு வீட்டில கிடந்திருக்கிறா. அவ மூச்சு விட ஏலாமல் கிடக்க, அங்க அவவின்ர பேரைக் கூப்பிட நான் கை தூக்கியிருக்கிறன். இப்ப அவவைப் பேர் சொல்லிக் கேக்கிறாங்கள். அவவால கை தூக்க ஏலாது. நான்தான் தூக்கவேணும்."

அன்று மாக்கஸ் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "அவளை விடு. அவள் சொல்லாட்டி, உந்த வீட்டில மூண்டு பேர் இல்லை, நாலு பேர் இருக்கவேண்டி வரும்." அவருக்கும் அந்த முணுமுணுப்புக் கேட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இலவச சட்ட உதவி நிலையத்தில் நிலாணி என்ற தமிழ்ச் சட்டத்தரணி எங்களைப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு பேனையை மூடினார்.

"கையெழுத்து வையுங்கோ எண்டும் சொல்லமாட்டன், வைக்காதேங்கோ எண்டும் சொல்லமாட்டன். என்ன நடக்கலாம் எண்டு மட்டும் சொல்லுறன்," என்றார். சத்தியக் கடிதம் கொடுத்தால் இறந்தவருடைய பெயருக்கும் குடும்பத்துக்கும் பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஆனால் அது குடிவரவு அலுவலகத்துக்கும் போகலாம். போனால் படிப்பு அனுமதியை எடுத்துவிடலாம், நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம், சில வருடம் திரும்பி வராமல் தடுக்கலாம். "அவங்கள் உங்களைத் தேடி வரேல்லை. நீங்களாப் போய்ச் சொல்லுறியள். விளங்குதோ?"

"ஓம் அக்கா, விளங்குது," என்றாள் செரீனா.

"ஒரு கிழமை யோசியுங்கோ."

"இன்னும் ஒரு கிழமை எண்டால் நான் போன தடவை மாதிரிப் பேசாமல் இருந்துபோடுவன்," என்றாள். ஆனாலும் நிலாணிக்குக் கடிதத்தைத் தயார்செய்ய ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது.

அந்த நாட்களில் அவள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. ஒரு பரீட்சையும் எழுதினாள், தொண்ணூற்று நான்கு. எதற்குப் படிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியேல்லை. படிச்சது படிச்சதுதானே," என்றாள். இரவில் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கவில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம். நிலாணி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். மக்டலீன் இக்னேசியஸை நான் ஒருபோதும் சந்திக்கவில்லை. அவரோ அவருடைய குடும்பத்தவரோ இலக்கத்தை எனக்குத் தரவில்லை, அதற்காக ஒரு சதமும் பெறவில்லை. கீழே சொல்லப்படும் நாட்களில் வேலை செய்தது நான். நாட்களின் பட்டியலை என் கலண்டரைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒக்ரோபரில் ஒரு நாள் பிழையாக இருந்தது. அவள் காய்ச்சலோடு வீட்டில் நின்ற நாளை வேலை நாளாகத் தட்டச்சுச் செய்திருந்தார்கள். அதைத் திருத்தச் சொன்னேன். செய்யாத வேலையையும் அவள் தலையில் போட எனக்கு மனமில்லை.

‘அந்த இலக்கத்தை ஓர் உறவினர் மூலம் பெற்றேன்’ என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அப்படி எழுதச் சொன்னது செரீனா. அந்த இடத்தில் ‘என் அக்கா’ என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுதச் சொன்னேன். செரீனா வேண்டாம் என்றாள். நிலாணி மாற்றிக் கொடுத்தார்.

புதிய பிரதி அச்சாகி வந்தபோது தாள் இன்னும் சூடாக இருந்தது. இக்னேசியஸ் அங்கிளும் நடாஷாவும் வெளியே வாங்கில் இருந்தார்கள். உள்ளே வரக் கேட்டும் வரவில்லை. நிலாணி, இதில் உள்ளது உண்மை என்று சத்தியம் செய்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டு, முழுப் பெயரையும் சொல்லச் சொன்னார். என் தங்கை தன் பெயரைச் சொன்னாள். பிறகு பேனையை எடுத்தாள். என் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அந்தக் கடைசிப் பக்கத்தின் கொப்பிதான். இந்த நாட்டில் தான் செய்த வேலைக்குக் கீழே முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரை எழுதினாள். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை.